அம்மாவும் மாமாவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சனிக்கிழமை காலைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். சாட்ஸ்வர்த்தில் ஒரு கோவிலின் பின்கூடம்தான் பள்ளிக்கூடம். பன்னிரண்டு பிள்ளைகள், நாலு வயதிலிருந்து எட்டு வயதுவரை. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்கும் ஐந்தாம், ஆறாம் தலைமுறை. வீட்டில் இங்கிலீஷ்தான். தமிழில் சாமி பாட்டு வரும், சாப்பாட்டுப் பெயர் வரும், உறவுமுறை வரும். வாக்கியம்தான் வராது.

இவர்களுக்குத் தோதான தமிழ்ப் படப்புத்தகம் இங்கே சுலபமாகக் கிடைக்காது. அதனால் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் படப்புத்தகங்களை வாங்கி வந்து, வரிகளின் மேல் தமிழ் எழுதிய காகிதப் பட்டைகளை ஒட்டிவிடுவேன். மொழிபெயர்ப்பு என்று சொல்ல முடியாது. படத்தைப் பார்த்து, பிள்ளைகளுக்கு எட்டுகிற மாதிரி நானே ஒரு வரி எழுதுவேன். கூடத்தின் சாவியை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் ‘அங்கிள்’, எண்பதை நெருங்குகிறவர், அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்பார். சின்ன வயதில் அடி வாங்கித் தமிழ் படித்தவர். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். லகர ளகரம் தப்பினால் அந்த இடத்திலேயே திருத்தம்.

போன வருஷம் ‘என் குடும்பம்’ என்று ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன். மேலே இரண்டு கட்டம்: ஒன்றில் ‘அப்பா’, ஒன்றில் ‘அம்மா’. கீழே பிள்ளைகளுக்கு இடம். நாலரை வயதுப் பெண் ஒருத்தி இரண்டு கட்டத்திலும் படம் வரைந்து கொண்டு வந்தாள். “இது யாரு?” “அம்மா.” “இது?” “மாமா.” சரி, அப்பா கூட இல்லை போல, தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள் என்று நானே முடிவு செய்து, ‘அப்பா’வை அடித்துவிட்டு ‘மாமா’ என்று எழுதினேன். மாமாவின் தலையில் முண்டாசு மாதிரி ஏதோ இருந்தது. அடுத்த வாரம் “மாமா சௌக்கியமா?” என்று கேட்டேன், தலையாட்டினாள். அதற்கடுத்த வாரம் அவளை அழைத்துப் போக மாமாவே வந்தார். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஜுலுப் பெண்மணி.

ஜுலு மொழியில் மாமா என்றால் அம்மா. இத்தனை வருஷம் டர்பனில் இருக்கிறேன், கடையில், பஸ்ஸில் தினமும் காதில் விழுகிற சொல். அன்றைக்குத்தான் உறைத்தது. அவளுக்கு இரண்டு அம்மா. ஒருவர் சாட்ஸ்வர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண், இன்னொருவர் இவர்.

என் தாளில் அவளுக்கு இடமே வைக்கவில்லை என்ற உறுத்தலில்தான் இந்த வகைப் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். இரண்டு அம்மா அல்லது இரண்டு அப்பா இருக்கும் வீடுகளைக் காட்டும் சிறுவர் படப்புத்தகங்கள். இப்படியொரு வகை இருப்பதே தமிழ் வாசகர்களில் பலருக்குத் தெரியாது என்பதால், எனக்குப் புரிந்ததை அடியிலிருந்து சொல்கிறேன்.

முதலில் படப்புத்தகம் என்றால் என்ன என்று பார்ப்போம். படம் போட்ட கதைப் புத்தகம் வேறு, படப்புத்தகம் வேறு. கதைப் புத்தகத்தில் படத்தை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். படப்புத்தகத்தில் நிற்காது, ஏனென்றால் பாதிக் கதையைச் சொல்வது படம்தான். பெரும்பாலும் 32 பக்கம் இருக்கும். பெரிய தாளை மடித்து வெட்டும்போது பதினாறு பதினாறாகப் பக்கம் விழும் என்ற அச்சகக் கணக்கு அது. கைக்குழந்தைகளுக்கு என்றால் இன்னும் குறைவு, கடித்தாலும் கிழியாத தடித்த அட்டை. எழுத்து மிகக் கொஞ்சம். ‘குளித்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன்’ என்று மூன்று வரி இருக்கும். யார் தண்ணீர் ஊற்றினார், யார் ஊட்டினார், யார் மடியில் தூங்கியது என்பதை வரி சொல்லாது, படம் சொல்லும்.

இந்த வேலைப் பிரிவினைதான் நம் விஷயத்துக்கு ஆதாரம். ஒரு வீட்டில் இரண்டு அம்மா இருக்கிறார்கள் என்பதை எழுத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் படத்தில் காட்டிவிட முடியும். நாவலில் முடியாது. சிறுகதையிலும் சிரமம், எங்காவது ஒரு இடத்தில் எழுத்தாளர் வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

தன்பால் இணையர் என்றால் ஒன்றாகக் குடும்பம் நடத்தும் இரண்டு பெண்கள் அல்லது இரண்டு ஆண்கள். அவர்கள் வீட்டில் குழந்தை எப்படி என்று கேட்பவர்களுக்கு: தத்து எடுத்திருக்கலாம், ஒருவரின் முந்தைய மணவாழ்வில் பிறந்திருக்கலாம், விந்து தானம் பெற்று ஒருவர் கருத்தரித்திருக்கலாம். வேறு பெற்றோருக்கும் குழந்தை இதே வழிகளில் வருவதுண்டு என்பதால் இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

தென்னாப்பிரிக்காவில் இது சட்டப்படி சாதாரணம். 1996 அரசியலமைப்பின் 9ஆவது பிரிவு, பாலீர்ப்பின் (எந்தப் பாலினத்தவர்மேல் ஈர்ப்பு என்பதன்) பேரில் யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 6ஆவது பிரிவில், இங்குள்ள சமூகங்கள் பேசும், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது. எங்கள் வகுப்புக்கும் அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் நடுவே மூன்றே மூன்று பிரிவுதான் தூரம் என்று வேடிக்கையாக நினைத்துக்கொள்வேன். 2002இல் இந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தன்பால் இணையர் இருவரும் சேர்ந்தே குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் இரண்டு பெண்கள். உடன்பிறந்த இரு குழந்தைகளை வளர்த்துவந்தார்கள். அதற்கு முன் சட்டத்தில் வழி இல்லாததால் ஒருவர் பெயரில் மட்டுமே தத்து பதிவாகியிருந்தது. அந்த ஒருவர், அன்னா-மரி டி வோஸ், தானே நீதிபதியாக இருந்தவர்! 2006 நவம்பர் 30 முதல் திருமணமும் செய்துகொள்ளலாம். ஆப்பிரிக்காவில் அதற்கு முதலில் வழிவிட்ட நாடு இது.

சட்டம் வேறு, சாட்ஸ்வர்த் வேறு என்பதும் உண்மைதான். புரட்டாசியில் கறி சமைக்காத வீடுகள், காவடிக்கு ஊரே திரளும் வீதிகள். இங்கே இதைப் பற்றிச் சத்தமாகப் பேசமாட்டார்கள். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார்கள்.

புத்தகங்களின் கதைக்கு வருகிறேன். டென்மார்க்கில் சூசன் பொஷே என்பவர் 1981இல் வெளியிட்ட புத்தகம் முன்னோடிகளில் ஒன்று. வரைந்த படம் கிடையாது, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். ஒரு சிறுமி, அவளுடைய அப்பா, அப்பாவின் துணைவர், மூவரும் கழிக்கும் சில நாட்கள். 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. லண்டனில் கல்வித்துறை நூலகத்தில் ஒரு பிரதி இருந்ததைச் செய்தித்தாள்கள் ஊதிப் பெரிதாக்க, 1988இல் பிரிட்டன், உள்ளாட்சிகள் ஓரினச்சேர்க்கையை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று 28ஆவது பிரிவு எனப் பெயர்பெற்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தக் கூச்சலில் இந்தப் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பிரிவு ஸ்காட்லாந்தில் 2000 வரைக்கும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரைக்கும் நீடித்தது. ஒரு சிறுமியின் வார இறுதிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

அடுத்தது அமெரிக்காவில் லெஸ்லியா நியூமன் எழுதி 1989இல் வந்த ‘ஹெதருக்கு இரண்டு அம்மா’. தெருவில் ஒரு பெண் அவரை நிறுத்தி, எங்கள் வீடு மாதிரி வீட்டைக் காட்டும் புத்தகம் ஒன்றுகூட என் மகளுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னாராம். எழுதினார். பதிப்பகங்கள் கைவிரித்தன. ஒரு தோழியும் அவரும் பத்து டாலர் பத்து டாலராகப் பணம் சேர்த்து அச்சிட்டார்கள். கதையில் ஹெதருக்கு ‘இரண்டு’ பிடித்த எண். இரண்டு கை, இரண்டு கால், இரண்டு செல்லப்பிராணி, இரண்டு அம்மா. பாலர் வகுப்பில் குடும்பப் படம் வரையச் சொல்கிறார்கள். (ஆமாம், என் தாளேதான். முதல்முறை படித்தபோது எனக்குக் காது சூடானது.)

இந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பையும் பிந்தைய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வகை எப்படி வளர்ந்தது என்பது தெரிந்துவிடும். முதல் பதிப்பில் ஹெதர் எப்படிக் கருவானாள் என்ற விளக்கம் இருந்தது. தனக்கு அப்பா இல்லை என்று உறைத்ததும் அவள் அழுதாள். பின்னால் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். கரு விளக்கமும் போனது, கண்ணீரும் போனது. ஏன்? முதல் பதிப்பு, குழந்தையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கும் பெரியவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிந்தையது குழந்தைக்கு மட்டும் கதை சொல்கிறது.

இதை வைத்து இந்தப் புத்தகங்களை இரண்டு ரகமாகப் பார்க்கிறேன். ஒன்று விளக்கும் ரகம். ‘உனக்கு ஏன் அப்பா இல்லை?’ என்று வகுப்பில் யாரோ கேட்பார்கள், பிள்ளை வாடும், டீச்சர் சமாதானம் சொல்வார், எல்லோரும் கைதட்டுவார்கள். இன்னொன்று, விளக்காமலே காட்டும் ரகம். பிள்ளைக்குப் பல் ஆடுகிறது, நாய் காணாமல் போகிறது, அந்த வீட்டில் இரண்டு அப்பா இருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. முதல் ரகத்துக்கும் தேவை உண்டு, உண்மையாகவே சீண்டப்படும் பிள்ளைக்கு அது கைகொடுக்கும். ஆனால் சீண்டலே தெரியாத நாலு வயதுப் பிள்ளையிடம் ‘உன்னைச் சீண்டுவார்கள், கவலைப்படாதே’ என்று போய்ச் சொல்வானேன்?

பெங்குவின் கதையைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் கோபித்துக்கொள்ளும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சியகத்தில் ராய், சைலோ என்று இரண்டு ஆண் பெங்குவின்கள் ஜோடி சேர்ந்து, ஒரு கல்லை முட்டை என்று நினைத்து அடைகாத்தன. காப்பாளர் பார்த்துவிட்டு, வேறொரு ஜோடியின் உபரி முட்டையைக் கொண்டு வந்து வைத்தார். குஞ்சு பொரிந்தது, பெண் குஞ்சு, பெயர் டேங்கோ. இந்த நிஜக் கதையை வைத்து 2005இல் ஒரு படப்புத்தகம் வந்தது. 2006, 2007, 2008 என்று மூன்று வருஷம் தொடர்ச்சியாகவும், மறுபடி 2010இலும், நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லி அமெரிக்காவில் மிக அதிகமாகப் புகார் வந்த புத்தகம் இதுதான் என்று அந்நாட்டு நூலகச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. சிங்கப்பூரில் 2014இல் தேசிய நூலக வாரியம் இதைச் சிறுவர் பகுதியிலிருந்து நீக்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் பெரியவர்கள் பகுதிக்கு மாற்றினார்கள். பெங்குவின் புத்தகத்தைப் பெரியவர்கள் பகுதியில் தேடிக் கண்டுபிடிப்பவர் யாராக இருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் சைலோ பிற்பாடு ஒரு பெண் பெங்குவினோடு போய்விட்டது. அது புத்தகத்தில் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு உஷாகா கடல் காட்சியகத்து ஆப்பிரிக்கப் பெங்குவின்கள் நன்றாகத் தெரியும். அவற்றிலும் ஆணும் பெண்ணும் முறை வைத்துத்தான் அடைகாக்கும் என்று நான் சொன்னபோது, “அப்ப சமையல் யாரு?” என்று ஒரு பையன் கேட்டான்.

சரி, இந்தப் புத்தகங்கள் எதற்கு? ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் சொன்ன ஓர் உவமை சிறுவர் நூல் உலகில் எல்லோருக்கும் தெரியும். புத்தகம் சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, தன் முகமே அதில் தெரியும். சில பிள்ளைகளுக்கு ஜன்னல், அடுத்த வீடு தெரியும். கறுப்பினப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகங்களில் தங்கள் முகத்தைக் காணாமல் வளர்வதைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். டர்பன் தமிழ்ப் பிள்ளைக்கும் அது அப்படியே பொருந்தும்: மாவிலைத் தோரணம் கட்டிய வீடு எந்தப் படப்புத்தகத்தில் இருக்கிறது? இரண்டு அம்மா வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கண்ணாடி இன்னும் அரிது.

வழக்கமாக வரும் கேள்வி, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” ‘இதெல்லாம்’ என்று அவர்கள் நினைப்பது புத்தகத்தில் இல்லை. அப்பா அம்மா இருக்கும் கதையில் படுக்கையறை வருகிறதா? இதிலும் வராது. இட்லி ஊட்டுவார்கள், ஷூ லேஸ் கட்டிவிடுவார்கள். படித்தால் பிள்ளை ‘அப்படி’ ஆகிவிடுமோ என்ற பயமும் உண்டு. பெங்குவின் புத்தகம் படித்த எந்தப் பிள்ளையும் இதுவரை பச்சை மீன் கேட்டதில்லை. அதே சமயம் பெற்றோருக்குச் சொல்லாமல் இந்தப் புத்தகங்களை வாசிப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம்வரை போய், இத்தகைய கதைகள் வாசிக்கப்படும்போது தம் பிள்ளையை விலக்கிக்கொள்ள விரும்பும் மதப்பற்றுள்ள பெற்றோருக்குச் சாதகமாக 2025 ஜூனில் தீர்ப்பு வந்தது. நான் வாட்ஸ்அப் குழுவில் முன்னாடியே படம் எடுத்துப் போட்டேன். ஒருவர் பையனை அன்றைக்கு அனுப்பவில்லை. ஒருவர், “முருகனுக்கே ஆறு அம்மா, டீச்சர்” என்று பதில் போட்டார். நல்ல மனசு. ஆனால் அந்த வாதம் யாரையும் மாற்றும் என்று எனக்குத் தோன்றவில்லை. கார்த்திகைப் பெண்கள் அறுவரும் சரவணப் பொய்கையில் இருக்கும்வரைதான் நமக்குச் சம்மதம், பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால் நம் பேச்சு மாறிவிடும்.

இனி தமிழ். தமிழ்ப் பட்டை ஒட்டும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. ஹெதரைப் பற்றி எழுதிய அதே நியூமன், 2009இல் கைக்குழந்தைகளுக்கு ஓர் அட்டைப் புத்தகம் எழுதியிருக்கிறார். இணையத்தில் ஆர்டர் செய்து ஐந்து வாரம் காத்திருந்து வாங்கினேன். இரண்டு அம்மாக்களோடு ஒரு குழந்தையின் ஒரு நாள், கடைசியில் இருவரும் முத்தம் கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள். விளக்கம் என்று ஒரு வரி கிடையாது. ஆங்கிலத்தில் ஒருத்தி ‘மம்மி’, இன்னொருத்தி ‘மாமா’! தமிழில் மாமா என்று எழுதினால் தாய்மாமன் வந்து நிற்பார்.

ஆங்கிலத்தில் அம்மாவுக்கு நாலைந்து செல்லப்பெயர் இருக்கிறது. நமக்கு எழுத்தில் கூப்பிடும் சொல் பெரும்பாலும் அம்மா ஒன்றுதான். பக்கத்திலேயே பெரியம்மா, சின்னம்மா எல்லாம் இருக்கிறார்களே என்று நினைத்து ‘அம்மா, சின்னம்மா’ என்று பட்டை எழுதினேன். அங்கிள் படித்தார். முகம் மலர்ந்தது. “அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து பிள்ளைய வளக்கிறாங்க. நல்ல கதை, டீச்சர்.” தப்பு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. நம் உறவுமுறைச் சொற்கள் பெண்களை அள்ளி அணைத்துக்கொள்ளும், ஆனால் அணைத்த கையோடு அக்கா தங்கை ஆக்கிவிடும். இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் இருந்தால் தமிழ் அவர்களை உடன்பிறந்தவர்களாக்கி ஒளித்துவைத்துவிடும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்க இதைவிடத் தோதான மொழி உண்டா?

தமிழில் இந்த விஷயத்தைப் பேசவே சமீபகாலம்வரை பெரும்பாலும் வசவுச் சொற்கள்தான் இருந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு மதிப்பான சொற்களின் பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம், செய்தித்தாளுக்கும் நீதிமன்றத்துக்கும் உதவும். ஆனால் ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லை நாலு வயதுப் பிள்ளை எங்கே வைத்துக்கொள்ளும்? அதற்கு வேண்டியது, கூப்பிட ஒரு பெயர்.

அந்தப் பெண்ணிடமே பட்டையைப் படித்துக் காட்டினேன். ‘சின்னம்மா’ வந்ததும் இல்லை என்று தலையை ஆட்டினாள். சின்னம்மா அவளுக்கு நிஜமாகவே இருக்கிறாள், டர்பனை ஒட்டிய பீனிக்ஸில், அம்மாவின் தங்கை. “அது சின்னம்மா இல்ல. மாமா.” எல்லாப் பட்டையையும் உரித்தேன். பசை காய்ந்து இரண்டு பக்கம் கிழிந்தது. புதிதாக ‘அம்மா’, ‘மாமா’ என்றே எழுதி ஒட்டினேன். வீட்டில் என்ன கூப்பிடுகிறார்களோ அதுதான் சொல். ஒரு வீட்டில் அம்மா, மம்மி. இன்னொரு வீட்டில் அப்பா, டாடி. அந்தந்தப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிள் புதுப் பட்டைகளை வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். ‘மாமா முத்தம் கொடுத்தாள்.’ காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“டீச்சர், இங்க பிழை இருக்கு. மாமான்னா ‘கொடுத்தார்’னுதானே வரணும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்ல தாத்தா. மாமா கொடுத்தாள்.”

அவர் அவளைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புத்தகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனார். இந்த முறை பட்டையைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அப்புறம் பென்சிலைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டு, கூடத்துச் சாவியை எடுக்கப் போனார்.